களிமண் ஏடுகளும் பாலிமர்க் கூட்டுப் பொருள்களும்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மனிதன் கையாண்ட மூலப்பொருள்களுள் களிமண் மிகப் பழமையானது. பானை, செங்கல், கூரை ஓடு என அதன் பயன்கள் எல்லோரும் அறிந்தவை. இன்று அதே களிமண் மோட்டார் வாகன உறுப்புகளிலும், உணவுப் பொருள்களைப் பொதியும் மெல்லிய உறைகளிலும், மின்கம்பிகளின் மேலுறைகளிலும் இடம் பெற்றுள்ளது. அங்கே அது தனித்து நிற்பதில்லை. பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக் அல்லது ரப்பருடன் கலந்து, அதன் வலிமையையும் வெப்பம் தாங்கும் ஆற்றலையும் உயர்த்துகிறது.

இந்தியாவில் இத்தகைய களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. குஜராத் மாநிலத்தின் கட்ச், பவநகர் மாவட்டங்களிலும், இராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்திலும் பென்டோனைட் என்னும் களிமண் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் கனிமம் கையில் இருப்பது மட்டுமே ஒரு நாட்டுக்குப் போதுமா? இக்கேள்விக்கு விடை காண, அக்களிமண் பாலிமருக்குள் எவ்வாறு செயல்படுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டுப் பொருளின் தேவை

பிளாஸ்டிக் எடை குறைந்தது, எளிதில் அச்சில் வார்க்கத்தக்கது, துருப்பிடிக்காதது. ஆயினும் சூடேறினால் வளைந்துவிடும். நெடுநாள் பளு தாங்கினால் உருமாறும். இக்குறைகளை நீக்க, சுண்ணப் பொடி, டால்க் என்னும் மாக்கல் பொடி, கண்ணாடி இழை முதலிய நிரப்பிகளை அதனுடன் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். இவ்வாறு இரண்டு வேறுபட்ட பொருள்கள் தத்தம் இயல்பை இழக்காமல் ஒன்றிணைந்து உருவாவதே கூட்டுப் பொருள்.

பழைய நிரப்பிகளின் துகள்கள் மைக்ரோமீட்டர் அளவினவாதலால் அவற்றை நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை சேர்க்க நேரிடுகிறது. அதனால் எடை கூடுகிறது. நைலான்-6 என்னும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.14 கிராம். நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி இழை சேர்த்தால் அது சுமார் 1.36 கிராமாக உயர்கிறது. வார்க்கும் இயந்திரங்களும் அச்சுகளும் விரைவில் தேய்கின்றன. மிகக் குறைந்த அளவு நிரப்பியைக் கொண்டு போதிய பயனைப் பெற முடியுமா என்னும் தேடலே நானோ களிமண்ணுக்கு வழிவகுத்தது.

ஏடு ஏடாக அமைந்த கனிமம்

பென்டோனைட்டின் முதன்மைக் கூறு மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம். பிரான்ஸ் நாட்டின் மாண்ட்மோரில்லோன் என்னும் ஊரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. இக்கனிமத்தின் அமைப்பு ஓலைச் சுவடிக் கட்டை ஒத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகளே அதன் துகள்கள். ஒவ்வோர் ஏட்டிலும் இரண்டு சிலிகாத் தகடுகளுக்கு இடையே ஓர் அலுமினாத் தகடு பொதிந்துள்ளது. ஏட்டின் தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நீள அகலமோ நூறு நானோமீட்டரிலிருந்து பல நூறு நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமனும் இருபது சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டையை எண்ணிப் பார்த்தால் இந்த விகிதம் புலப்படும்.

இவ்வளவு மெல்லிய ஏடுகள் தனித்தனியே பிரிந்தால் கிடைக்கும் பரப்பு வியக்கத்தக்கது. ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டின் ஏடுகள் முழுவதும் பிரியுமானால் சுமார் 750 சதுர மீட்டர் பரப்பு வெளிப்படும். அவ்வாறாயின் ஐந்தரை கிராம் களிமண் ஓர் ஏக்கருக்கு இணையான பரப்பை அளிக்கும். நூற்றுக்கு 5 பங்கு களிமண் சேர்ந்த ஒரு கிலோ நைலானுக்குள் ஒன்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பிளாஸ்டிக்கும் களிமண்ணும் ஒன்றையொன்று தொட்டு நிற்க இடமுண்டு. கூட்டுப் பொருளின் பண்புகள் மாறுவதற்குக் காரணம் இந்தத் தொடர்புப் பரப்பே ஆகும்.

ஏடுகளுக்கு இடையே நிகழும் ஒரு மின்னியல் நுட்பமும் கருதத்தக்கது. அலுமினாத் தகட்டில் சில அலுமினிய அணுக்களின் இடத்தை மக்னீசியம் பிடித்துக்கொள்வதால் ஏடு எதிர்மின் தன்மை பெறுகிறது. அதைச் சமன் செய்ய, சோடியம் அல்லது கால்சியம் அயனிகள் ஏடுகளின் இடைவெளியில் தங்குகின்றன. இந்த அயனிகளை வெளியேற்றி வேறு அயனிகளை அங்கே அமர்த்த முடியும். சீனக் களிமண் எனப்படும் கயோலினில் இத்தகைய இடமாற்றம் மிகச் சிறிதளவே நிகழும். எனவே எல்லாக் களிமண்ணும் ஒன்றல்ல.

கட்டைப் பிரித்தல்

இயற்கைக் களிமண் நீரை நாடுவது. பெரும்பாலான பாலிமர்கள் நீரை ஒதுக்குபவை. இவ்விரண்டையும் அப்படியே கலந்தால் களிமண் கட்டிகட்டியாக நின்றுவிடும். ஆகவே சோடியம் அயனிகளுக்குப் பதிலாக, நீண்ட கரிமச் சங்கிலியைக் கொண்ட அம்மோனிய அயனிகளை ஏடுகளுக்கு இடையே செலுத்துகின்றனர். இதனால் இரண்டு பயன்கள் விளைகின்றன. இடைவெளி அகல்கிறது, ஏட்டின் மேற்பரப்பும் பாலிமருக்கு இணக்கமாகிறது.

அடுத்து பாலிமர் உள்ளே புக வேண்டும். பாலிமரின் மூல மூலக்கூறுகளை முதலில் புகுத்தி, ஏடுகளுக்கு இடையிலேயே அவற்றைப் பாலிமராக வளரச் செய்வது ஒரு முறை. பாலிமரைக் கரைப்பானில் கரைத்துக் களிமண்ணுடன் கலப்பது மற்றொரு முறை. உருகிய பாலிமருடன் இயந்திரத்தில் பிசைவது மூன்றாவது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருகிய பாலிஸ்டைரீன் கரைப்பானின் துணையின்றியே ஏடுகளுக்கு இடையே புகுவதை எடுத்துக்காட்டினர். தொழிற்சாலைகளில் வழக்கமாக உள்ள இயந்திரங்களே இதற்குப் போதுமாதலால் இம்மூன்றாவது முறை தொழில்துறையின் கவனத்தைப் பெற்றது. பாலிபுரோப்பிலீன் போன்று களிமண்ணுடன் சிறிதும் இணங்காத பாலிமர்களுக்கு, மாலிக் அன்ஹைட்ரைடு இணைக்கப்பட்ட பாலிபுரோப்பிலீனைச் சிறிதளவு இணைப்பானாகச் சேர்ப்பர்.

இம்முயற்சிகளின் விளைவு மூன்று நிலைகளுள் ஒன்றாக அமையும். முதல் நிலையில் சுவடிக் கட்டுகள் பிரியாமலே தங்கும். இரண்டாவதில் பாலிமர்ச் சங்கிலிகள் ஏடுகளின் இடையே புகுந்திருக்கும். எனினும் அடுக்கு குலையாது. மூன்றாவதில் ஏடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, பாலிமர் எங்கும் பரவி நிற்கும். நடைமுறையில் இந்நிலைகள் கலந்தே காணப்படுவதும் உண்டு. எந்த நிலை கிட்டியது என்பதை எக்ஸ்-கதிர்ச் சோதனை காட்டும். இடைவெளி அகன்றால் கதிர்வரைபடத்தின் முகடு சிறிய கோணத்திற்கு நகரும். அடுக்கு குலைந்தால் மறைந்துவிடும். ஆனால் முகடு மறைந்ததை மட்டும் கொண்டு ஏடுகள் முற்றும் பிரிந்தன என முடிவு கட்டுதல் கூடாது. மின்னணு நுண்ணோக்கியால் நேரில் கண்டு உறுதி செய்தல் வேண்டும்.

நைலான் தந்த சான்று

இத்துறைக்கு உலகின் கவனத்தை ஈர்த்தவர்கள் ஜப்பானின் டொயோட்டா மைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள். 1980களில் அவர்கள் மாண்ட்மோரில்லோனைட்டின் ஏடுகளுக்கு இடையே நைலான்-6 வளரும்படி செய்தனர். 1993ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் இன்றும் படிக்கத்தக்கவை.

தனி நைலானின் இழுவிசை வலிமை 69 மெகாபாஸ்கல். நூற்றுக்கு 4.2 பங்கு களிமண் ஏடேடாகப் பிரிந்து பரவிய நைலானின் வலிமை 107 மெகாபாஸ்கல். விறைப்பைக் குறிக்கும் மீட்சிக் குணகம் 1.1 கிகாபாஸ்கலிலிருந்து 2.1 கிகாபாஸ்கலாக உயர்ந்தது. பளுவின்கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 பாகை செல்சியஸிலிருந்து 150 பாகையை ஒட்டி எழுந்தது. திடீர்த் தாக்கத்தைத் தாங்கும் திறன் பெரிதும் குன்றவில்லை.

இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் உள்ளது. ஏடுகளைப் பிரிக்காமல், நூற்றுக்கு 5 பங்கு களிமண்ணை நைலானுடன் வெறுமனே கலந்தும் அவர்கள் சோதித்தனர். அந்தக் கலவையின் வலிமை 61 மெகாபாஸ்கல். தனி நைலானைவிட அது குறைவு. களிமண்ணின் அளவோ சற்றே அதிகம், பயனோ நட்டம். ஒன்றில் களிமண் வலுவூட்டியாக நின்றது. மற்றதில் கலப்படமாக நின்றது எனலாம்.

இதன் காரணத்தை விளக்குவது கடினமன்று. களிமண் ஏடு நைலானைவிடப் பன்மடங்கு விறைப்பானது. அதன் அருகில் உள்ள பாலிமர்ச் சங்கிலிகள் எளிதில் அசைய இயலாமல் கட்டுப்படுகின்றன. இழுக்கும் விசை பாலிமரிலிருந்து ஏட்டுக்கு மாற்றப்படுகிறது. நைலானின் படிக அமைப்பும் ஆல்பா வடிவத்திலிருந்து காமா வடிவத்தை நோக்கி மாறுகிறது. இவையாவும் தொடர்புப் பரப்பைச் சார்ந்தவை. ஏடுகள் ஒட்டிக் கிடந்தால் அப்பரப்பே இல்லாது போகிறது. விசை முழுதும் கட்டிகளின் விளிம்பில் குவிந்து, முறிவு அங்கே தொடங்குகிறது.

வளைந்து செல்லும் வழி

உணவுப் பொருள்களைப் பொதியும் உறைகளில் வலிமையைவிட, ஆக்சிஜனைத் தடுக்கும் ஆற்றலே முதன்மையானது. உறையின் தளத்திற்கு இணையாகக் களிமண் ஏடுகள் படிந்திருந்தால், வாயு மூலக்கூறு நேராகச் செல்ல முடியாமல் ஒவ்வோர் ஏட்டையும் சுற்றி வளைந்து செல்ல நேரிடும். வழி நீள்வதால் ஊடுருவல் குறைகிறது. இதற்கான எளிய சமன்பாட்டை நீல்சன் என்னும் அறிஞர் 1967ஆம் ஆண்டில் வகுத்தார்.

அச்சமன்பாட்டின்படி, தடிமனைப்போல் 200 மடங்கு அகலம் கொண்ட ஏடுகள் கன அளவில் நூற்றுக்கு 2 பங்கு ஒழுங்காகப் படிந்திருந்தால், வாயு ஊடுருவல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே களிமண் பத்துப் பத்து ஏடுகளாக ஒட்டிய நிலையில் இருந்தால், அகலத்திற்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 200-லிருந்து 20-ஆக வீழ்கிறது. அப்போது ஊடுருவல் ஐந்தில் நான்கு பங்கு அளவிலேயே நின்றுவிடும். மண்ணும் அதுவே, அளவும் அதுவே, பிரித்த திறமை ஒன்றே வேறு. எனினும் இவ்வுறைகள் அலுமினியத் தாளின் தடுப்பாற்றலுக்கு ஈடாகா என்பதையும் மறத்தலாகாது.

தீயும் வெப்பமும்

பிளாஸ்டிக் எரியும்போது களிமண் ஏடுகள் மேற்பரப்பில் திரண்டு, கரியுடன் சேர்ந்து ஒரு காப்புத் தோலாகின்றன. எரிவாயுக்கள் வெளியேறுவதையும் வெப்பம் உள்ளே செல்வதையும் அத்தோல் தாமதப்படுத்துகிறது. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வில், நூற்றுக்கு 5 பங்கு களிமண் பரவிய நைலான்-6 எரியும்போது வெப்பம் வெளியாகும் உச்ச வேகம் நூற்றுக்கு 63 பங்கு குறைந்தது.

இந்த எண்ணைக் கண்டு மயங்குதல் தகாது. தீப்பற்றும் நேரம் இதனால் தள்ளிப்போவதில்லை. வெளியாகும் மொத்த வெப்பமும் பெரிதும் மாறுவதில்லை. தீயின் வேகம் தணிகிறது; தீ தானே அணைவதில்லை. எனவே களிமண் பிற தீத்தடுப்பான்களுக்குத் துணையாகுமே தவிர, தனித்து அவற்றின் இடத்தைப் பிடிக்காது. கட்டடங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் பொருள் வாங்கும் அலுவலர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

எல்லைகள்

நானோ களிமண்ணைப் பற்றி இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நம்பிக்கை பெரிது. டொயோட்டாவின் இயந்திரப் பட்டை மூடியைத் தொடர்ந்து, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் தன் சரக்கு வாகன வகைகளின் ஏறுபடியில் இதைப் பயன்படுத்தியது. ஆயினும் எதிர்பார்த்த அளவுக்குப் பயன்பாடு விரிவடையவில்லை.

அதற்குப் பொருளியல் காரணங்களும் உண்டு. அறிவியல் காரணங்களும் உண்டு. களிமண்ணின் அளவு கூடக் கூட ஏடுகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் சேர்க்கும் ஒவ்வொரு பங்கும் குறைந்த பயனையே தருகிறது. பொருளியல் மாணவர்கள் இதில் குறைந்து செல் விளைவு விதியின் சாயலைக் காணலாம். கூட்டுப் பொருள் முறியுமுன் நீளும் தன்மையை இழக்கிறது. ஏடுகளின் இடையே அமர்த்திய அம்மோனியச் சேர்மங்கள் சுமார் 200 பாகை வெப்பத்தில் சிதையத் தொடங்குகின்றன. நைலான்-6 உருகுவதோ சுமார் 220 பாகையில். அறுதியான வலிமையில் கண்ணாடி இழையை இது வெல்வதுமில்லை. குறைந்த எடை, வாயுத் தடுப்பு, வழவழப்பான மேற்பரப்பு ஆகியவை ஒருங்கே தேவைப்படும் இடத்தில்தான் இதன் சிறப்பு வெளிப்படும்.

இந்தியாவின் நிலை

கட்ச் பகுதியின் பென்டோனைட், தக்காண எரிமலைப் பாறைகளின் சிதைவோடு தொடர்புடையது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பயன்படும் சேறாகவும், வார்ப்படச் சாலைகளில் மணலைப் பிணைக்கும் பொருளாகவும், இரும்புத்தாதுப் பொடியை உருண்டைகளாக்கும் பசையாகவும் அது பயன்படுகிறது. வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. சட்டத்தின் பார்வையில் பென்டோனைட், செங்கல் மண்ணைப்போலவே, ஒரு சிறு கனிமம். அதற்கான விதிகளை வகுப்பதும் உரிமைத் தொகை பெறுவதும் மாநில அரசுகளின் பொறுப்பு.

சுரங்க வாயிலில் இம்மண் டன் கணக்கில் விலைபோகிறது. குவார்ட்ஸ், இரும்புச் சேர்மங்கள் முதலிய மாசுகளை அகற்றி, அயனி மாற்றம் செய்து, ஏடுகள் பிரியத்தக்க பொடியாக்கியபின் அதுவே கிலோ கணக்கில் விலைபோகும் பொருளாகிறது. இடையே உள்ள மதிப்பு மண்ணுக்கு உரியதன்று, அறிவுக்கு உரியது. மண்ணை விற்று, அம்மண்ணிலிருந்து பிறந்த பொருளையே விலை கொடுத்து வாங்கும் நாடு, அந்த மதிப்பைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறது.

இந்நிலையை மாற்றுவதற்கு வேண்டிய அடித்தளம் நாட்டில் உண்டு. புனேயில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் பாலிமர் ஆய்வில் நெடிய மரபுடையது. பென்டோனைட் கிடைக்கும் பவநகரிலேயே 1954 முதல் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. ரப்பருக்கெனக் கோட்டயத்தில் 1955இல் ஆய்வு நிறுவனம் அமைந்தது. சென்னையில் 1968இல் தோன்றிய சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழிலுக்கான பயிற்சியையும் சோதனை வசதியையும் பல மாநிலங்களுக்குக் கொண்டு சென்றுள்ளது. 2007இல் தொடங்கப்பெற்ற நானோ இயக்கம் பல்கலைக்கழகங்களுக்கு நுண்கருவிகளை வழங்கியது. நிறுவனங்கள் உள்ளன, அவற்றைச் சுரங்கத்தோடும் சிறு தொழிற்கூடத்தோடும் இணைக்கும் பாலமே போதிய அளவில் இல்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, தரம் பிரித்தல். ஒரு சுரங்கத்து மண்ணும் அடுத்த சுரங்கத்து மண்ணும் அயனி மாற்றத் திறனிலும் மாசிலும் வேறுபடும். எந்த மண் எதற்கு உகந்தது என்று அறியாமல் உயர்ந்த மண்ணையும் தாழ்ந்த பயனுக்கே அனுப்புவது ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். வெட்டி எடுத்த கனிமம் மீண்டும் விளைவதில்லை.

இரண்டாவது, சோதனை வசதி. பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்கூடங்களுள் பெரும்பாலானவை சிறியவை. அவற்றால் மின்னணு நுண்ணோக்கியை வாங்க இயலாது. அரசு நிறுவனங்களின் கருவிகள் குறைந்த கட்டணத்தில், குறித்த நாளுக்குள் முடிவு தரும் வகையில் அவற்றுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். ‘நானோ’ என்னும் பெயரில் விற்கப்படும் வெறும் பொடியை அடையாளம் காணவும் இதுவே வழி.

மூன்றாவது, கொள்முதல் முறை. எத்தனை பங்கு களிமண் சேர்ந்துள்ளது என்று கேட்கும் ஒப்பந்தப்புள்ளி, 61 மெகாபாஸ்கல் பொருளையும் 107 மெகாபாஸ்கல் பொருளையும் ஒன்றாகவே மதிக்கும். வலிமை, வெப்பம் தாங்கும் அளவு, வாயு ஊடுருவல் ஆகிய பண்புகளைக் கேட்கும் ஒப்பந்தப்புள்ளியே திறமைக்கு விலை தரும்.

நான்காவது, தொழிலாளர் நலம். களிமண் தூளில் குவார்ட்ஸ் கலந்திருப்பின் அதைச் சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வரக்கூடும். உலர்ந்த நுண்பொடியைக் கையாளும் இடங்களில் தூசி உறிஞ்சும் அமைப்பும் முகக் காப்பும் திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

பிரியாத சுவடிக் கட்டு எவ்வளவு பெரிதாயினும் படிப்பதற்குப் பயன்படாது. ஏடுகளைச் சிதைக்காமல் பிரிக்கத் தெரிந்தவருக்கே அதன் பொருள் கிட்டும். களிமண்ணின் கதையும் அதுவே. கட்ச், பார்மர் பகுதிகளின் மண் இன்னும் பெரும்பாலும் கட்டாகவே விற்கப்படுகிறது. அதைப் பிரிக்கும் கல்வி வகுப்பறைகளில் இருக்கும் மாணவர்களின் கையிலும், அக்கல்வி தொழிற்கூடத்தை அடைவதற்கான வழி கோப்புகளைக் கையாளும் அலுவலர்களின் கையிலும் உள்ளன.